ஊர்ப்பாட்டைத் தேடிச் சென்ற ஜோரா அம்மையார்

ஒரு சமுதாயத்தின் செல்வம் நிலத்திலும் பொன்னிலும் மட்டும் அடங்கிவிடுவதில்லை. நிலமும் பொன்னும் மறுக்கப்பட்ட மக்களிடமும் பாட்டு இருந்தது, கதை இருந்தது, காலடி எடுத்து ஆடும் ஆட்டம் இருந்தது. உழைப்பின் களைப்பை ஆற்றியதும், இறந்தவர்க்காக அழுததும், பிள்ளையைத் தூங்க வைத்ததும் அப்பாட்டே ஆகும். ஆயினும் ஏட்டில் ஏறாத பாட்டு பாடியவரோடு மடிந்து போகும். படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளோ பெரும்பாலும் அதனைக் கேட்க நாணி ஒதுங்குவர். அவ்வாறு ஒதுங்காமல், உயர்கல்வி பெற்றபின் தம் மக்களின் பாட்டைத் தேடித் தம் ஊருக்கே திரும்பிச் சென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம். அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜோரா நீல் ஹர்ஸ்டன் அம்மையாரே அவர். நாவலாசிரியராகவே உலகம் அவரை மிகுதியும் போற்றுகிறது. நாட்டுப்பாடல்களைத் திரட்டிக் காத்த அவரது பணி அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

பிறப்பும் ஊரும்

1891 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7 ஆம் நாள் அலபாமா மாநிலத்தில் நோட்டசல்கா என்னும் சிற்றூரில் ஜோரா பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் அவர் ஐந்தாமவர். தந்தை ஜான் ஹர்ஸ்டன் தச்சுத் தொழிலாளி. கிறித்தவ சமயப் போதகராகவும் விளங்கினார். தாய் லூசி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1865 ஆம் ஆண்டில்தான். ஆகவே ஜோராவின் பாட்டன் பாட்டிமார் அடிமை வாழ்வைக் கண்ணால் கண்டு உடலால் அனுபவித்தவர்கள்.

ஜோரா சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஃபிளாரிடா மாநிலத்தில் உள்ள ஈட்டன்வில் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. இவ்வூரின் சிறப்பைத் தனியே கூறுதல் வேண்டும். கறுப்பின மக்கள் தாமே நிலம் வாங்கிக் குடியேறி, 1887 ஆம் ஆண்டில் சட்டப்படி தமக்கென ஊராட்சி அமைத்துக்கொண்ட ஊர் அது. அங்கே ஊர்த் தலைவரும் கடைக்காரரும் ஆசிரியரும் கறுப்பினத்தவரே. ஜோராவின் தந்தையும் அவ்வூருக்குத் தலைவராக இருந்திருக்கிறார். தாழ்வு மனப்பான்மை என்பதே அறியாமல் ஒரு குழந்தை வளர்வதற்கு அவ்வூர் இடம் தந்தது.

ஊரின் நடுவே ஜோ கிளார்க் என்பவரின் கடை இருந்தது. மாலை வேளையில் அக்கடைத் திண்ணையில் ஆண்கள் கூடி அமர்ந்து, ஒருவரை ஒருவர் விஞ்சிக் கதை கட்டுவர், பாட்டிசைப்பர். கடைக்குப் பொருள் வாங்க அனுப்பப்பட்ட சிறுமி ஜோரா, வேண்டுமென்றே கால் தாழ்த்தி நின்று அவற்றைக் கேட்பாளாம். பிற்காலத்தில் பேராசிரியர்கள் அவருக்குக் கற்பித்த கல்விக்கெல்லாம் அடித்தளம் இட்டது அத்திண்ணைதான்.

கல்விக்காகப் பட்ட பாடு

1904 ஆம் ஆண்டில், ஜோராவுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, தாய் காலமானார். உயர்ந்ததையே நாட வேண்டும் என்று மக்களுக்கு ஊக்கம் ஊட்டி வந்த தாய் அவர். தந்தை மறுமணம் செய்துகொண்டார். ஜாக்சன்வில் நகரப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட ஜோராவுக்குக் கட்டணம் வாராமல் படிப்பு நின்றது. உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். பிறர் வீடுகளில் பணிப்பெண்ணாக உழைத்தார். ஊர் ஊராகச் சென்ற ஒரு நாடகக் குழுவின் பாடகிக்கு ஏவல் செய்தார். இவ்வாறு பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன.

1917 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் அவர் மீண்டும் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 26. இலவசக் கல்வி பெறும் வயது எப்பொழுதோ கடந்துவிட்டது. ஆகவே 1901 இல் பிறந்ததாகக் கூறித் தம் வயதில் பத்தாண்டுகளைக் குறைத்துக்கொண்டார். அது முறையா என்று வழக்காடுவதற்குமுன், ஒருவர் பள்ளிப் பலகையில் இடம் பெறுவதற்குத் தம் வாழ்நாளில் பத்தாண்டுகளை மறைக்க வேண்டிய நிலையில் அவரை வைத்த சமுதாயத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பள்ளிப் படிப்பை முடித்து, வாசிங்டன் நகரில் கறுப்பின மக்களுக்கென விளங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முடிதிருத்தும் நிலையம் ஒன்றில் வாடிக்கையாளரின் நகங்களைச் செப்பனிடும் வேலை செய்து படிப்புச் செலவை ஈடுகட்டினார். 1925 ஆம் ஆண்டில் நியூயார்க் சென்றார். அவ்வாண்டே அவரது சிறுகதையும் நாடகமும் பரிசு பெற்றன. அதன் பயனாகப் பார்னார்டு மகளிர் கல்லூரியில் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அக்கல்லூரியில் அன்று பயின்ற ஒரே கறுப்பின மாணவி அவரே. மானிடவியல் அறிஞர் ஃபிரான்ஸ் போவாஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். எந்த இனமும் பிறப்பினால் தாழ்ந்ததன்று என்று அறிவியல் வழிநின்று வாதிட்டவர் போவாஸ். ஜோராவின் ஊர்ப்பாட்டும் கதையும் ஆராய்ச்சிக்குரிய அரும்பொருள் என்பதை உணர்ந்த அவர், அவற்றைத் திரட்டி வருமாறு மாணவியை அனுப்பினார்.

முதற்பயணம் தந்த பாடம்

1927 ஆம் ஆண்டு தொடக்கத்தில் 1,400 டாலர் உதவித்தொகையுடன் ஜோரா ஃபிளாரிடாவுக்குப் புறப்பட்டார். கறுப்பின வரலாற்று அறிஞர் கார்ட்டர் உட்சன் நடத்திய கழகமும் அத்தொகைக்கு உதவியது. ஆனால் பயணம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. கல்லூரியில் பழகிய பேச்சு நடையிலேயே அவர் மக்களை அணுகி, கதை தெரியுமா, பாட்டு தெரியுமா என்று வினவினார். அவர்களோ பணிவுடன், தமக்கு எதுவும் தெரியாது என்றும் அடுத்த ஊரில் கேட்டுப் பார்க்கலாம் என்றும் கூறி அனுப்பிவிட்டனர். கையில் சொற்பச் சரக்குடன் திரும்பிய மாணவி ஆசிரியரின் முன் கண்ணீர் விட்டதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஜோரா அந்த மண்ணின் மகள். அந்த மக்களின் இரத்தம். அவ்வாறு இருந்தும் படிப்பு அவருக்கும் மக்களுக்கும் இடையே ஒரு சுவராக எழுந்தது. குற்றம் படிப்பினுடையதன்று, படிப்பை அவர் சுமந்து சென்ற முறையினுடையது. அச்சுவரை அவர் எவ்வாறு கடந்தார் என்பதே அவர் வாழ்வின் சிறந்த பகுதி.

மரம் அறுக்கும் முகாமில்

1928 ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டு ஃபிளாரிடாவின் போல்க் மாவட்டத்தில் லஃப்மன் என்னும் இடத்தில் இருந்த மரம் அறுக்கும் தொழிலாளர் முகாமில் தங்கினார். மோட்டார் காரில் வந்திறங்கிய அவரைக் கண்ட தொழிலாளர், அரசாங்கத்தின் ஒற்றராக இருக்கலாம் என்று ஐயுற்று விலகினர். தாமும் சட்டத்துக்கு அஞ்சி ஓடிவந்தவரே என்று அவர் ஒரு கதை கட்டிய பின்னரே ஐயம் தணிந்தது. விலையுயர்ந்த உடையும் இடையில் நின்றது. ஓர் இரவு விருந்தில் கூட்டத்தின் நடுவே நின்று, ஜான் ஹென்றி என்னும் தொழிலாளியைப் பற்றிய பாட்டை அவர் பாடத் தொடங்கினார். இயந்திரத்தோடு போட்டியிட்டுச் சம்மட்டி அடித்து உயிர் துறந்த உழைப்பாளியின் பாட்டு அது. அவர்களுடைய பாட்டை அவர்களைப் போலவே பாடத் தெரிந்தவள் அயலாள் ஆக முடியாது. அன்றுமுதல் முகாம் அவரை ஏற்றுக்கொண்டது.

பாட்டுத் திரட்டுவதில் அவர் கைக்கொண்ட முறையும் அதுவே. கூட்டத்தில் ஒருவராக அமர்ந்து கேட்பார். இயன்ற அளவு உடன் பாடுவார். பின்னர்த் தனித்தனியே கேட்டு எல்லா அடிகளையும் கற்பார். கற்றதை அம்மக்களிடமே பாடிக் காட்டி, சரியாகப் பாடுகிறாய் என்று அவர்கள் ஒப்பும் வரை விடமாட்டார். பாட்டைக் காகிதத்தில் அடைப்பதற்கு முன் தம் தொண்டையில் ஏற்றிக்கொண்டார் எனலாம்.

அவர் திரட்டியவற்றுள் தொழிற்பாடல்கள் தனிச்சிறப்பு உடையவை. இருப்புப்பாதை வேலையை எடுத்துக்கொள்வோம். தண்டவாளம் வரிசை பிறழ்ந்தால் தொழிலாளர் பலர் கடப்பாரைகளை அதன் அடியில் செலுத்தி நிற்பர். பாட்டுத் தலைவர் ஓர் அடியைப் பாடுவார். தாளம் விழும் அந்த ஒரு நொடியில் அத்தனை பேரும் சேர்ந்து நெம்புவர்; தண்டவாளம் நகரும். ஒருவர் முந்தினாலும் ஒருவர் பிந்தினாலும் வேலை நடவாது. அங்கே பாட்டு பொழுதுபோக்காக இருக்கவில்லை. வேலையின் ஒரு கருவியாகவே இருந்தது.

இவ்விடங்களில் நிலவிய வாழ்வின் கொடுமையையும் நாம் மறத்தலாகாது. சிறப்பாக, பைன் மரத்தைக் கீறிப் பால் வடித்து டர்பன்டைன் எடுக்கும் முகாம்களில், முதலாளியின் கடையில் ஏறிய கடனைத் தீர்க்க இயலாமல் தலைமுறைத் தொழிலாளர் கட்டுண்டு கிடந்தனர். 1939 ஆம் ஆண்டில் கிராஸ் சிட்டி என்னும் இடத்தில் இருந்த அத்தகைய முகாமுக்கும் ஜோரா சென்று நிலைமையை எழுதினார்.

பொருள் தந்தவரும் உரிமை கொண்டவரும்

இப்பணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1927 ஆம் ஆண்டு டிசம்பரில் சார்லட் மேசன் என்னும் செல்வச் சீமாட்டி ஜோராவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். திங்கள்தோறும் 200 டாலர் ஊதியமும், சலனப் படக் கருவியும், காரும் கிடைத்தன. ஆனால் திரட்டிய பாட்டும் கதையும் அச்சீமாட்டிக்கே உரிமை. அவர் இசைவின்றி எதனையும் வெளியிடலாகாது. கறுப்பின ஏழைகள் பாடிய பாட்டு. கறுப்பினப் பெண் திரட்டிய பாட்டு. உரிமையோ பணம் தந்தவரிடம். சில ஆண்டுகள் இக்கட்டுக்குள் அடங்கியே அவர் பணியாற்றினார். பஹாமாஸ் தீவுகளுக்கும் சென்று அங்குள்ள பாடல்களையும் ஆட்டங்களையும் கற்று வந்தார்.

நகர மேடையில் ஊர்ப்பாட்டு

அந்நாளில் கறுப்பின மக்களின் சமயப் பாடல்கள் நகர மேடைகளில் ஏறாமல் இல்லை. 1871 முதலே ஃபிஸ்க் பல்கலைக்கழகப் பாடகர் குழு அவற்றை நாடெங்கும் பாடிப் புகழ் பெற்றது. ஆனால் மேடைக்காகச் செப்பனிட்ட பாட்டு வேறு, கோயிலில் சபை கூடிப் பாடும் பாட்டு வேறு என்பது ஜோராவின் கருத்து. சபையினர் ஒரு பாட்டை இருமுறை ஒரே விதமாகப் பாடுவதில்லை. ஒவ்வொருவரும் தம் உணர்ச்சிக்கேற்ப அதனை அவ்விடத்திலேயே புதிதாக்குவர். அந்த உயிர்த்துடிப்பை நகர மக்கள் காண வேண்டும் என்று அவர் விரும்பினார்.

1932 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள் நியூயார்க் நகரின் ஜான் கோல்டன் அரங்கில் அவர் அமைத்த இசை நிகழ்ச்சி அரங்கேறியது. இருப்புப்பாதைத் தொழிலாளர் முகாமில் விடியலில் ஆளை எழுப்பும் குரல் தொடங்கி, பகலின் தொழிற்பாட்டும் சிறுவர் விளையாட்டும் கடந்து, நள்ளிரவில் பஹாமாஸ் தீவு ஆட்டத்தோடு முடியும் ஒரு நாளின் வாழ்வே அந்நிகழ்ச்சி. தம் உடைமைகளைப் பணமாக்கியும் கடன் பெற்றும் அதனை நடத்தினார். பாராட்டுக் குவிந்தது, வரவோ செலவுக்கு ஈடாகவில்லை.

அடுத்த ஆண்டில் ஃபிளாரிடாவின் ராலின்ஸ் கல்லூரியில் அந்நிகழ்ச்சி நடைபெற்றது. மேடையில் பாடியவர்கள் கறுப்பினத்தவர். அவையில் அமரக் கறுப்பினத்தவர்க்கு அனுமதி இல்லை! அவர்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்குமாறு ஜோரா முயன்றும் பயனில்லை. ஆகவே ஈட்டன்வில் ஊரில் இருந்த ஹங்கர்ஃபோர்டு பள்ளியில் தம் மக்களும் கேட்கத் தனியே நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார். நம் கலை வேண்டும், நாம் வேண்டா என்னும் உலக வழக்கத்திற்கு அவர் தந்த மறுமொழி அது.

இசைத்தட்டில் ஏறிய குரல்

1935 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கதைத் தொகுப்பு நூலின் பின்னிணைப்பில் பாடல்களும் இசைக்குறியீட்டுடன் இடம்பெற்றன. அவ்வாண்டே, இருபது வயது இளைஞராக இருந்த ஆலன் லோமாக்சும் பேராசிரியை மேரி எலிசபெத் பார்னிக்கிளும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியுடன் தென்மாநிலங்களுக்குப் புறப்பட்டனர். எந்த ஊருக்குச் செல்வது, எவரைப் பாட வைப்பது என்று வழிகாட்டியவர் ஜோரா. ஜார்ஜியா கடற்கரைத் தீவிலும், அவரது ஈட்டன்வில் ஊரிலும் மக்கள் குரல் தட்டுகளில் பதிவாயிற்று.

1938 ஆம் ஆண்டில் அவர் அரசின் எழுத்தாளர் நலத் திட்டத்தில் ஃபிளாரிடா பிரிவில் சேர்ந்தார். 1939 ஆம் ஆண்டு சூன் 18 ஆம் நாள் ஜாக்சன்வில் நகரில் நடந்த பதிவில் அவரே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பாடினார். தண்டவாளப் பாட்டும், பஹாமாஸ் தீவின் காக்கை ஆட்டப் பாட்டும் இன்னும் பலவும் அவர் குரலில் பதிவாயின. பாடுவதோடு நில்லாமல் எந்த ஊரில், யாரிடம், எத்தகைய வேலையின்போது கேட்டது என்பதையும் எடுத்துரைத்தார். அப்பதிவுகளை அந்நூலகத்தின் இணையதளத்தில் இன்று எவரும் கேட்கலாம்.

ஏற்றமும் எதிர்ப்பும்

கற்றறிந்த கறுப்பினத்தவர் அனைவரும் இப்பணியைப் போற்றினர் என்று எண்ணிவிடலாகாது. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களின் பேச்சையும் பாட்டையும் எள்ளி நகையாடிய கூத்துகள் அந்நாட்டில் நெடுங்காலம் நடந்தன. ஆதலால் கொச்சை மொழியும் கூலிக்காரர் பாட்டும் நம்மைத் தாழ்த்தும் என்று அஞ்சியோர் பலர். 1937 ஆம் ஆண்டில் ஜோராவின் புகழ்பெற்ற நாவல் வெளிவந்தபோது, எழுத்தாளர் ரிச்சர்டு ரைட் அக்கூத்தின் சாயல் அதில் இருப்பதாகக் கடுமையாகத் தாக்கினார். அந்த அச்சம் காரணமற்றதன்று. ஆனால் பகைவன் இகழ்ந்தான் என்பதற்காகத் தாயின் மொழியைக் கைவிடுவது எவ்வாறு முறையாகும் என்பதே ஜோராவின் நிலை. கடைசி அடிமைக் கப்பலில் கடத்தி வரப்பட்டு முதுமை எய்தியிருந்த கஜோ லூயிஸ் என்பவரின் வாழ்க்கையை அவர் எழுதியபோது, பேச்சு வழக்கை மாற்றினால் வெளியிடலாம் என்றனர் பதிப்பாளர். அவர் மறுத்துவிட்டார். அந்நூல் 2018 ஆம் ஆண்டில்தான் அச்சேறியது.

அவர் கொண்ட கருத்து எல்லாம் ஏற்கத்தக்கது என்று கூறுவதற்கில்லை. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954 ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வெள்ளையரோடு அமர்ந்தால்தான் கறுப்பினக் குழந்தை கற்கும் என்பது இழிவு என்று கூறி அத்தீர்ப்பை அவர் குறை கண்டார். உரிமைக்காகப் போராடிய அவர் இனத்தவரே அதனை ஏற்கவில்லை. நாமும் ஏற்க இயலாது. சமமான பள்ளியில் இடம் பெறுவது ஒருவர் தரும் சலுகையன்று, அது பிறப்புரிமை.

இறுதி நாட்கள்

புகழ் நிலைக்கவில்லை, பொருளும் சேரவில்லை. 1950 ஆம் ஆண்டில் மயாமி நகருக்கு அருகே ஒரு வீட்டில் மீண்டும் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். ஃபோர்ட் பியர்ஸ் என்னும் ஊரில் சிறிது காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். 1960 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள் ஆதரவற்றோர் இல்லத்தில் உயிர் நீத்தார். நண்பர்கள் திரட்டிய பணத்தால் அடக்கம் நடந்தது. கல்லறைக்குப் பெயர்ப் பலகையும் இல்லை.

அவர் விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகளைக் குப்பையோடு சேர்த்து எரிக்கத் தொடங்கினர். அவ்வழியே வந்த, அவரை அறிந்த பேட்ரிக் டுவால் என்னும் காவல் அலுவலர், தீயை அணைத்து எஞ்சியவற்றைக் காப்பாற்றினார். ஓரம் கருகிய அத்தாள்கள் ஃபிளாரிடா பல்கலைக்கழகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. வாழ்நாள் முழுதும் பிறர் பாட்டைக் காத்தவரின் எழுத்து, ஒரு மனிதர் நின்று நோக்கியதால் பிழைத்தது.

1973 ஆம் ஆண்டில் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் களை மண்டிய இடுகாட்டில் தேடிச் சென்று கல்லறைக்குக் கல் நாட்டினார். அக்கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்றே பொறிக்கப்பட்டுள்ளது. பள்ளியில் சேர்வதற்காக அவர் மறைத்த பத்தாண்டுகள் கல்லறையிலும் மறைந்தே நிற்கின்றன.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இளைஞர்களே, இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. நம் மக்களின் பறையும், நடவுப் பாட்டும், ஒப்பாரியும், தாலாட்டும் அத்தகைய செல்வங்களே. சாதியின் பெயரால் சாவு வீட்டில் கட்டாயமாகப் பறை அடிக்கச் செய்தது கொடுமை. அடிக்க மாட்டோம் என்று மறுத்து நின்றவர்கள் நம் மானத்தைக் காத்தவர்கள். அதே பறையைத் தம் விருப்பத்தால் கையில் ஏந்தித் தலைநிமிர்ந்து மேடையில் முழக்குகிறவர்களும் நம் மானத்தைக் காப்பவர்களே. கட்டாயம் ஒழிய வேண்டும். கலை வாழ வேண்டும். டர்பன்டைன் முகாமின் கடன் கட்டை வெறுத்த ஜோரா, அங்குப் பிறந்த பாட்டை வெறுக்கவில்லை என்பதை நினைவில் கொள்க.

இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர், பாட்டியின் அருகே அமர்ந்து அவர் பாடுவதைப் பதிவு செய்க. பாடியவர் பெயர், ஊர், நாள், எந்த வேலையில் அல்லது எந்தச் சடங்கில் பாடுவது என்பவற்றை உடன் எழுதி வைக்க. அவர் இசைவு பெறுக. வெளியிடும்போது அவர் பெயரை முதலில் இடுக. பாட்டின் உரிமை பாடிய மக்களிடமே இருக்குமாறு காத்தல் நம் கடமை. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பதோடு நில்லாமல் உடன் பாடிக் கற்றுக்கொள்க.

கல்வி நம்மை ஊரிலிருந்து வெளியே அழைத்துச் செல்வது. அழைத்துச் சென்ற கல்வியே நம்மைத் திரும்பவும் அழைத்து வந்து, திண்ணையில் அமர்ந்து பெரியோர் குரலைக் கேட்கச் செய்யுமாயின் அதுவே முழுமையான கல்வி. ஜோரா அம்மையாரின் வாழ்வு அதற்குச் சான்று. நம் இளைஞர்களும் அவ்வழி நடந்து நம் மக்களின் பாட்டைக் காப்பார்களாக!